பாதி மூச்சு

மூச்சை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கையில் பிடிக்கிற சாமான் என்றால் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு உட்காரலாம். இது உள்ளே போனதும் வெளியே வரத் துடிக்கிறது, வெளியே வந்ததும் உள்ளே போகப் பார்க்கிறது, நான் நடுவில் நின்று போக்குவரத்துப் போலீஸ்காரன் மாதிரி கையைக் காட்டிக்கொண்டிருக்கிறேன், பாதி போதும், பாதி போதும் என்று. நாற்பத்தாறு வயதுவரை கேட்பாரில்லாமல் நடந்துகொண்டிருந்த காரியம், கவனிக்க ஆரம்பித்த நிமிஷத்திலிருந்து கெட்டுப்போய்விட்டது. கூடம் பெரிய கூடம், குளிர் எலும்புக்குள் இறங்குகிறது. வரிசை வரிசையாக இரும்பு நாற்காலிகள், வங்காளி, நேபாளி, எகிப்துக்காரன், ஆந்திராக்காரன், எல்லார் மடியிலும் அவரவர் கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் கவர். சுவரில் டோக்கன் எண் மாறும்போதெல்லாம் ஒரு மணி அடிக்கிறது, அத்தனை தலையும் நிமிர்ந்து மறுபடி கவிழ்கிறது. எழுந்து போகிறவன் மஞ்சள் எச்சரிக்கைப் படம் போட்ட கதவுக்குள் போகிறான். உள்ளே எக்ஸ்ரே. நெஞ்சு சுத்தம் என்று கணினியில் ஏறிவிட்டால் அடுத்த கூடத்தில் விரல் ரேகை, அங்கேயே எண். இந்த நாட்டில் நான் இன்னார் என்று சொல்லும் எண். அட்டை பிறகு வரும், அதைப் பத்தாக்கா என்கிறார்கள். சுத்தமில்லை என்று ஏறிவிட்டால் எண் கிடையாது, பத்தாக்கா கிடையாது, கம்பெனி ஆள் வந்த வண்டியிலேயே விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவான். என் நெஞ்சுக்குள் வலப்பக்கம் மேலே, காறை எலும்புக்குக் கொஞ்சம் கீழே, ஒரு தழும்பு இருக்கிறது. இந்தக் கூடத்தில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மிக்கேலுக்குக்கூடத் தெரியாது. மிக்கேல் என் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், வேம்பாற்றுக்காரன், என்னோடு ஒரே விமானத்தில் வந்தவன், ஒரே அறை, கட்டிலில் அவன் கீழே நான் மேலே. எனக்கு அரை மூச்சு சொல்லிக்கொடுத்த குரு அவன்தான். அவனுக்குச் சிகரெட் கறை படத்தில் தெரிந்துவிடுமோ என்று பயம். "அண்ணாச்சி, பலூன்ல மையால ஒரு புள்ளி வையும். பலூனை ஊதும். புள்ளி என்ன ஆவும்? பெருசாவும்லா? அதான் சங்கதி. முழுசா இழுத்தா உள்ள இருக்க கறையெல்லாம் விரிஞ்சு படத்துல விழுந்துரும். பாதி இழுத்து நிறுத்திப்புட்டா புள்ளி புள்ளியாவே நின்னுரும்" என்றான். நேற்றுச் சாயங்காலம் பால் பாக்கெட்டை வெட்டி என் கையில் கொடுத்ததும் அவன்தான். பால் போய் உள்ளே வெள்ளையாகப் பூசிவிடுமாம், கறை மறைந்துவிடுமாம். மில் சங்கத்து வாசகசாலையில் இருந்த உடற்கூறு புத்தகத்தை அட்டை கிழியும்வரை படித்தவன் நான். பால் இரைப்பைக்குப் போகும், நுரையீரலுக்குப் போனால் ஆள் செத்துப்போவான், வலது நுரையீரலுக்கு மூன்று மடல், இடதுக்கு இரண்டு, எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே மடமடவென்று குடித்தேன். குடித்துவிட்டு அந்தப் பலூனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பால் பொய் என்று எனக்குத் தெரிகிறது, பலூன் பொய் என்று சொல்ல எந்தப் புத்தகத்திலும் வரி இல்லை. புள்ளி வைத்தால் விரியத்தானே செய்யும். இத்தனை நாளும், குப்பூஸ் ரொட்டி சுடுகிற கம்பெனியில் ராத்திரி முழுக்க மாவு மூட்டையைப் பிரித்துக் கொட்டும்போது அரை மூச்சு பழகினேன், அடுப்புப் பக்கம் நிற்கும்போது பழகினேன், கட்டிலில் படுத்து மேலே தெரிகிற ஒட்டடையைப் பார்த்துக்கொண்டே பழகினேன். கீழேயிருந்து மிக்கேல், "என்ன அண்ணாச்சி, நாய் மாரி இரைக்கீரு" என்றான். "யோகா" என்றேன். "நமக்கெதுக்குவே யோகா, குப்பூஸ் சுடுறதே யோகாதாம்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

கண் எரிகிறது. வேலை முடிந்து அப்படியே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். புருவத்தில் இன்னும் மாவு இருக்கும். தொட்டுப் பார்த்தால் இருக்கிறது. எதிர் வரிசை நேபாளி என் புருவத்தையே பார்க்கிறான், பார்த்துக்கொள்ளட்டும், மாவுதான், நரை கொஞ்சம், மாவு கொஞ்சம். தொண்டையில் ஒன்று கரகரக்கிறது. இருமக்கூடாது. இந்தக் கூடத்தில் எவன் இருமினாலும் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். மாவுதான் அண்ணாச்சி, மாவுதான் என்று எனக்கு நானே சொல்கிறேன், எச்சிலை விழுங்குகிறேன், விழுங்கியது போய் இன்னொன்று வருகிறது. இங்கே என்னை ‘ஜதீத்’ என்று கூப்பிடுகிறார்கள். புதுசு என்று அர்த்தம். ஜதீத், அந்தத் தட்டை எடு. ஜதீத், இங்கே கூட்டு. கோமதிநாயகம் என்ற பெயர் மேஸ்திரியின் வாயில் நுழையாது, நான் குறை சொல்லவில்லை, அவன் பெயர் என் வாயில் நுழைகிறதா. எண் வருகிறவரைக்கும் ஜதீத்தான். எண் இல்லாமல் வெளிக்கதவைத் தாண்டக்கூடாது, தாண்டினால் ரோட்டில் போலீஸ் கேட்பான். எண் இல்லாமல் சிம் கார்டு கிடையாது, சம்பளத்தை ஊருக்கு அனுப்ப வழி கிடையாது. வெள்ளிக்கிழமை மற்றவர்கள் எல்லாம் குளித்து சென்ட் அடித்துக் கடைத்தெருவுக்குப் போவார்கள். நானும் மிக்கேலும் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்போம். ரோட்டில் பார்க்க ஒன்றும் இல்லை, லாரிதான் போகும். போகிற லாரியையெல்லாம் அவன் எண்ணிக்கொண்டிருப்பான், நான் மூச்சைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஊரிலும் எனக்கு எண்கள் இருந்தன. ராஜபாளையத்து மில்லில் டோக்கன் நம்பர், ரேஷன் நம்பர், வோட்டு நம்பர், ஆதார். ஆதாருக்குக் கண்ணைப் படம் எடுத்தார்கள், பத்து விரலையும் அழுத்தினார்கள், யாரும் நெஞ்சைத் திற என்று சொல்லவில்லை. இங்கே உள்ளே பார்த்துவிட்டுத்தான் எண். திருச்சியில் பார்த்தார்கள். இங்கே வருவதற்கு முன்னால் அங்கே ஒரு மெடிக்கல். அந்த டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என் படத்தைத் திரையில் பார்த்தார். வலப்பக்கம், மேலே. அவர் கண் அங்கே போனது, நான் பார்த்தேன். போன அந்த நேரத்தில் அவருக்குத் தும்மல் வந்துவிட்டது. கைக்குட்டையைத் தேடினார், மேசை டிராயரைத் திறந்தார், துடைத்தார், திரையை மறுபடி பார்க்காமலே ஃபிட் என்று எழுதிவிட்டார். பார்த்தாரா, பார்க்கவில்லையா. பார்த்துவிட்டு, போனால் போகிறது பாவம் என்று எழுதினாரா. பார்க்கவே இல்லாமல் மூக்கு ஒழுகுகிற எரிச்சலில் எழுதினாரா. அல்லது, இதைத்தான் நான் ஆசையாக நினைத்துக்கொள்வது, பார்க்க அங்கே ஒன்றுமே இல்லையா, இத்தனை வருஷத்தில் அது கரைந்து மறைந்தே போய்விட்டதா. ஒரு தும்மலை நம்பி கடலைத் தாண்டி வந்திருக்கிறேன். கேட்டிருக்கலாம், ஐயா அங்கே ஏதாவது தெரிகிறதா என்று. கேட்டால் மறுபடி பார்ப்பாரே. கேட்காமல் எழுந்து வந்தேன். வீட்டில் புஷ்பம், முழுப்பெயர் தங்கபுஷ்பம், என் வீட்டுக்காரி, வாசலிலேயே நின்று கேட்டாள், "அந்த இடம் தெரிஞ்சுதா?" நாங்கள் அதற்குப் பெயர் வைத்ததில்லை. அந்த இடம் என்றுதான் சொல்லுவோம். "தும்முனாரு" என்றேன். அவள் உள்ளே போய்ச் சாப்பாடு எடுத்து வைத்தாள். மில் ராத்திரி ஷிப்டை நிறுத்தின பிறகு எனக்கு வேறு வேலை தெரியாது, பகலில் தூங்கி ராத்திரியில் விழித்தே பழகிய உடம்பு, அதை இந்த வயதில் கேட்கிறவன் இந்த ரொட்டிக் கம்பெனிக்காரன் ஒருவன்தான் என்று அவளுக்கும் தெரியும். அந்த மில்லில் முதலில் நான் இருந்தது பஞ்சைப் பிரித்து உதறும் ப்ளோ ரூமில், பஞ்சு பறந்து எல்லார் தலையும் வெள்ளையாக, எல்லாரும் கிழவர்கள் மாதிரி. அங்கே இருந்தபோதுதான், பல வருஷத்துக்கு முன்னால், எனக்குச் சாயங்காலக் காய்ச்சல் வந்தது. தினமும் வரும், சொல்லி வைத்த மாதிரி. இருமலில் சிவப்பு. மணி அடிக்கிறது. தலை நிமிர்கிறது. என் எண்தான்.

உள்ளே இருட்டு இல்லை, நான் இருட்டாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். சட்டையைக் கழற்றச் சொன்னவன் மலையாளி, ஒல்லியாக, தூக்கம் கெட்ட கண்ணோடு. "தமிழோ? சேட்டா, நெஞ்சைப் பலகையிலே ஒட்டி நில்லு, தாடையை மேலே வை, கை இடுப்பிலே. ஸ்வாசம் நல்லா இழுத்துப் பிடிச்சு நில்லு." பலகை ஐஸ் மாதிரி குளிர்ந்து நெஞ்சில் ஒட்டியது. அவன் மறைவுக்குப் போனான். இழுத்துப் பிடி என்ற குரல் மட்டும் வந்தது. இழுத்தேன். பாதியில் நிறுத்தினேன். புள்ளி புள்ளியாகவே நிற்கட்டும். நின்றது. என்னமோ ஒரு சத்தம், பூச்சி கத்துகிற மாதிரி. போ என்றான். சட்டைப் பொத்தானைத் தப்பு ஓட்டையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அடுத்து மிக்கேல் போனான், வந்தான், கண்ணைச் சிமிட்டினான். "பாதிதானா?" என்று கேட்டேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து என் காதுக்குள் சொன்னான், "அண்ணாச்சி, பாதி இழுக்கணும்னுதாம் போனேன். அந்தப் பலகை குளுந்துச்சு பாரும், வாயப் பொளந்து முழுசா இழுத்துட்டேன். போனாப் போவுதுன்னு விட்டுட்டேன்." கொஞ்ச நேரத்தில் அவனை விரல் ரேகைக்குக் கூப்பிட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை. நேபாளியைக் கூப்பிட்டார்கள், ஆந்திராக்காரனைக் கூப்பிட்டார்கள், என் வரிசை காலியாகிக்கொண்டே வந்தது. பல் பிடுங்கின வாய் மாதிரி அங்கே ஒன்று இங்கே ஒன்று. பிறகு மஞ்சள் படக் கதவு திறந்தது. அந்த மலையாளியே தலையை நீட்டினான். மணி அடிக்கவில்லை, கையைத்தான் காட்டினான். வா.

நடக்கும்போது காலுக்குக் கீழே தரை இருந்தது, அதை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். திரும்பிப் போனால் முதலில் எந்தப் பஸ், எங்கே இறங்குவது, விடியலில் இறங்கினால் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது, விடியலில்தான் இறங்க வேண்டும். ஏன் வந்துட்டீரு என்று கேட்டால் தண்ணி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லலாம். புஷ்பம் கேட்கமாட்டாள். கேட்காமல் சாப்பாடு எடுத்து வைப்பாள், அதுதான். "சேட்டா, ஸ்வாசம் எடுத்தில்லல்லோ" என்றான் மலையாளி. "பாதிலே நிறுத்திட்டே. படம் புகை மாதிரி வந்திருக்கு. டாக்டர் இன்னும் ஒண்ணு எடுக்கச் சொன்னார்." புகையா என்றேன். "மூச்சு இல்லாட்டி நெஞ்சு சுருங்கிப் போகும், எல்லாம் ஒண்ணு மேலே ஒண்ணு அடைஞ்சு வெள்ளையா நிக்கும். சூக்கேடு, நோய் உள்ள ஆள் மாதிரி. ஆரா சொல்லித் தந்தது பாதி மூச்சு?" பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை, என்னைப் போல தினம் எத்தனை பேரைப் பார்க்கிறானோ. மறுபடி பலகை, மறுபடி தாடை. இழுத்துப் பிடி. இழுத்தேன். பாதி வந்ததும் உள்ளே யாரோ கதவில் கை வைத்துத் தடுக்கிற மாதிரி இருந்தது, இத்தனை நாள் பழக்கம். அதைத் தள்ளிக்கொண்டு போனேன். அந்த இடத்தில் ஒரு கொக்கி மாட்டும், எப்போதும் மாட்டும், முழுசாக இழுத்தால் வலப்பக்கம் மேலே நூல் இழுபடுகிற மாதிரி. மாட்டியது. மாட்டட்டும் என்று இன்னும் இழுத்தேன், விலா எலும்பு விரிய, தோள் உயர, உள்ளே போக இனி இடம் இல்லை என்கிறவரைக்கும். எடுத்துக்கொள், எல்லாவற்றையும் எடுத்துக்கொள். பூச்சி கத்தியது. "இப்போ ஓகே" என்றான். ஆனால் போ என்று சொல்லவில்லை. "டாக்டர் விளிக்கிறார்."

டாக்டர் வயசாளி, வெள்ளைத் தாடியை ஒட்டக் கத்தரித்தவர், திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திரையில் இரண்டு நெஞ்சு பக்கத்தில் பக்கத்தில் இருந்தது, ஒன்று மூட்டமாக, ஒன்று ராத்திரி வானம் மாதிரி கறுப்பாக. கறுப்பில் வலப்பக்கம் மேலே ஒரு வெள்ளைப் பொட்டு, குண்டூசித் தலை அளவு. அதுதான். இத்தனை வருஷம் உள்ளே வைத்திருந்தும் நான் அதை முகத்துக்கு முகம் பார்த்ததில்லை. இவ்வளவு சின்னதா என்றுதான் முதலில் தோன்றியது. டாக்டர் விரலை அதன்மேல் வைத்து அரபியில் ஏதோ கேட்டார். மலையாளி என் பக்கம் திரும்பி, "பண்டு டி.பி. வந்ததா? சத்தியம் சொல்லு" என்றான். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இழுத்த மூச்சு இன்னும் பாதி உள்ளே இருந்தது, அதோடு சேர்ந்து "ஆமா" என்று வந்துவிட்டது. மருந்து முழுசாகச் சாப்பிட்டாயா என்றான். சாப்பிட்டேன் என்றேன். டாக்டர் என்னமோ சொன்னார், மலையாளி, "எல்லாரும் அதுதான் சொல்றாங்கன்னு சொல்றார்" என்றான். அப்போது எனக்குக் கோபம் வந்தது, இந்த நாட்டுக்கு வந்து முதல்முறையாக. எல்லாரும் மாதிரியா நான் சாப்பிட்டேன். எங்கள் தெரு அங்கன்வாடியில் என் பெயர் எழுதின மாத்திரைப் பெட்டி இருந்தது, வீட்டுக்குக் கொடுக்கமாட்டார்கள், அங்கேயே போய் அந்த டீச்சர் கண் முன்னால் விழுங்க வேண்டும், அதுதான் சட்டம். பிள்ளைகள் சத்துமாவு உருண்டைக்கு வரிசையில் நிற்கும், கடைசியில் நான் நிற்பேன், அத்தனை பெரிய ஆம்பளை. சிவப்பு மாத்திரை, மஞ்சள் மாத்திரை, விழுங்கினதும் டீச்சர் சொல்லுவாள், "வாயைத் திறங்க. நாக்கைத் தூக்குங்க." பிள்ளைகள் எல்லாம் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கும். ஒரு நாள் மழை, நான் போகவில்லை, குடையும் டப்பாவுமாக அவள் என் வாசலில் வந்து நின்றாள். "என் பேருல கையெழுத்து இருக்கு, நீங்க முழுங்கினாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்றாள். இதையெல்லாம் எந்த மொழியில் சொல்வது. "சார், ஒரு டீச்சர் உக்காந்து பாத்தாங்க, நான் ஒவ்வொரு தடவை முழுங்கினதையும்" என்றேன். "ஆர்?" "இப்ப என் வீட்டுக்காரி." மலையாளி சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே அரபியில் சொன்னான், சொல்லும்போது தன் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினான், நான் அதைச் சொல்லவே இல்லை, எல்லா ஊரிலும் அப்படித்தான் போலிருக்கிறது. டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுத்து முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். தப்பு ஓட்டையில் போட்ட பொத்தானைப் பார்த்தார். பிறகு மறுபடி திரை. மூட்டமான படத்தை அழித்தார். கறுப்புப் படத்தைப் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார், அந்தப் பொட்டு ஒரு ரொட்டி அளவுக்கு வந்து நின்றது. ரொம்ப நேரம் பார்த்தார். தும்மவில்லை. கணினியில் ஒரு விசையைத் தட்டினார்.

அடுத்த கூடத்தில் விரலை அழுத்தினவன் அழுத்தினதே தெரியவில்லை. கண்ணாடியில் பச்சை வெளிச்சம் ஓடியது, படம் எடுத்தார்கள், ஒரு சின்னத் தாளை நீட்டினார்கள். அதில் என் எண். வெளியே வந்தால் வெயில் அடிக்கிறது, குளிர் விட்டுப் போகிறது, வண்டி நிழலில் மிக்கேல் புகைத்துக்கொண்டு நிற்கிறான். "என்ன அண்ணாச்சி இம்புட்டு நேரம், மருமவனா ஆக்கிக்கிட்டாம்னு நெனச்சேன்" என்றான். போனுக்குக் கையை நீட்டினேன். அவனிடம் யாரோ ஒரு ஊர்க்காரர் பெயரில் வாங்கின சிம் உண்டு. "சுருக்கா பேசும், காசு தீந்துரும்" என்று கொடுத்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. அங்கன்வாடியில் இப்போது மத்தியானச் சாப்பாட்டு நேரம், கை வேலையாக இருப்பாள். எடுத்துவிட்டாள். பின்னால் பிள்ளைகள் கூச்சல், தட்டுகள் சத்தம். "நம்பர் வந்துட்டு" என்றேன். அவள் உடனே சந்தோஷப்படவில்லை, எனக்குத் தெரியும், அவள் அப்படித்தான். "அந்த இடம்?" என்றாள். "தெரிஞ்சுது புஷ்பம். நானும் பாத்தேன். டாக்டர் பெருசாக்கிப் பாத்தாரு." "பாத்துட்டுமா விட்டாரு?" "பாத்துட்டுத்தான்." மிக்கேல் சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தான். எந்த இடம் என்று கேட்கவில்லை, பிறகு கேட்பான், சொல்லத்தான் வேண்டும், கீழ்க்கட்டில்காரன். போனில் பிள்ளைகள் சத்தம் மட்டும் வந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாளா, போனைப் பொத்திக்கொண்டாளா தெரியவில்லை. பிறகு குரல் வந்தது, டீச்சர் குரல். "சரி, நம்பரைச் சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்." தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னேன். ரெண்டு. "ரெண்டு" என்றாள் அவள். ஒன்பது. "ஒம்போது." மூன்றாவது எண்ணுக்குப் பின்னால் இன்னொரு சின்னக் குரல் சேர்ந்தது, நாலாவதுக்கு இன்னும் ரெண்டு குரல், பாடம் என்று நினைத்துக்கொண்டதுகள் போலிருக்கிறது, அவள் சொல்லச் சொல்ல மொத்தப் பிள்ளைகளும் ராகம் போட்டுத் திருப்பிச் சொல்ல ஆரம்பித்துவிட்டன. நான் ஐந்து என்றேன். அவள் ஐந்து என்றாள். பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து, "அஞ்...சு, ஆ...று" என்று தாமாகவே அடுத்ததற்குப் போய்விட்டன. "ஆறு இல்லடா," என்று அவள் திருத்துகிறது கேட்டது, "மாமா நம்பர்ல அஞ்சுக்கப்புறம் ரெண்டு."